தமிழ் உரையும் கிளிப்போர்டும்

கிளிப்போர்டு என்பது கணினியில் நகலெடுக்கப்படும் உரை அல்லது கோப்பு பற்றிய தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பகுதியாகும். ஒரு நிரலில் நகலெடுத்த தமிழ் உரையை வேறொரு நிரலில் பிழையின்றி ஒட்டுவது, பொதுவான குறிமுறை பரவிய பிறகே எளிதானது. அம்மாற்றத்தில் கோயம்புத்தூருக்கும் பங்குண்டு.

தோற்றம்

வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகிய கட்டளைகளை 1970களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் செராக்சு பார்க் ஆய்வகத்தில் லாரி டெசுலர், டிம் மாட் ஆகியோர் ஜிப்சி என்னும் உரைத்தொகுப்பியில் அமைத்தனர். 1980களில் ஆப்பிளின் லிசா, மக்கின்டோசு கணினிகள் இவற்றைப் பரவலாக்கின.

கட்டளை வரியிலிருந்து இப்பணியைச் செய்ய மாக் கணினியில் பிபிகாப்பி, லினக்சில் எக்ஸ்கிளிப், விண்டோசில் கிளிப் ஆகிய கருவிகள் உள்ளன. இவை பொதுவாகக் கோப்பின் உள்ளடக்கத்தைக் கிளிப்போர்டில் இடுகின்றன. கோப்பு மேலாளரில் ஒரு கோப்பை நகலெடுத்தாலோ அதன் இருப்பிட முகவரியே அங்கு பதிவாகிறது. ஒட்டும்போதுதான் கோப்பு படியெடுக்கப்படுகிறது.

தமிழில் எழுந்த சிக்கல்

எழுத்தைக் கணினி எண்ணாகவே சேமிக்கிறது. தொடக்கத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எண்களைப் பயன்படுத்தின. சான்றாக, திஸ்கி குறிமுறையில் 'அ' எழுத்துக்குரிய எண் 171. அதே எண் மேற்கத்தியக் குறிமுறையில் ஒரு மேற்கோள் குறியைக் குறிக்கும். எனவே, எழுத்துரு மாறியதும் ஒட்டிய உரை பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது.

இதைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் குறிமுறைகளைத் தரப்படுத்தியது. எனினும் திஸ்கியும் தனியார் குறிமுறைகளும் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன.

கோயம்புத்தூர் மாநாடு

2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. தமிழ் இணைய மாநாடும் அதனுடன் இணைந்து நடத்தப்பட்டது. அப்போது டாம், டாப் ஆகியவற்றுக்கு மாற்றாக ஒருங்குறியையும் டேஸ் 16 குறிமுறையையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. 1991 முதலே தமிழைக் கொண்டிருந்த ஒருங்குறி, இதனால் அரசின் ஏற்பையும் பெற்றது.

இன்றைய நிலை

ஒருங்குறியில் உள்ள தமிழ் உரையை இன்று பெரும்பாலான நிரல்களுக்கிடையே நேரடியாக ஒட்டலாம். ஆயினும் விண்டோசு பவர்செல் 5.1இன் இயல்பான அமைப்பில் தமிழ் உரையைக் கிளிப் கருவிக்கு அனுப்பினால் கேள்விக்குறிகளே கிடைக்கும். வெளியீட்டுக் குறிமுறையை மாற்றினால் இது தவிர்க்கப்படும். பழைய குறிமுறைகளில் உள்ள கோப்புகளைக் குறிமுறை மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அதற்கு மூலக் குறிமுறை எது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், பழைய ஆவணங்களுடன் அவற்றின் எழுத்துருப் பெயரையும் குறித்து வைப்பது இன்றியமையாதது.