காஞ்சிக்கு வந்த மூன்றரை அடிப் பாதை

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், காஞ்சிபுரத்தைத் தொடாமல் அரக்கோணம் வழியே போய்விட்டது. ஒன்பது ஆண்டு கழித்து இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்குக் கிளைப் பாதை போட்டது. வரைபடத்தில் குறை தீர்ந்தது. ஆனால் பிரதான பாதையின் அகலம் ஐந்தரை அடி, கிளையின் அகலம் மூன்றரை அடி. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. சென்னைக்குப் போகும் பொதியை அரக்கோணத்தில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். 1878இல் கிளை மீட்டர் கேஜ் ஆகி, பின்னர் செங்கல்பட்டோடும் இணைந்தது. அரக்கோணத்து ஏற்றியிறக்கல் மட்டும் தீரவில்லை. அகலப் பாதை வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மலிவாகப் போட்டதால்தான் அந்தக் காலத்தில் பாதையே வந்தது என்பார்கள்; நியாயம்தான். போட்டதில் தவறில்லை, போட்ட மைலை வைத்துப் பயனை அளப்பதில்தான் தவறு. ஓர் ஊரிலிருந்து எத்தனை வேலை, சந்தை, மருத்துவமனை எட்டும் என்று எண்ணி, தூரமும் நேரமும் கூடக்கூட அவற்றின் மதிப்பைக் குறைத்துக் கூட்டும் முறையை வால்டர் ஹேன்சன் 1959இல் அமெரிக்காவில் முன்வைத்தார். அந்தக் கணக்கில் அரக்கோணத்துக் காத்திருப்பு தப்பாமல் ஏறும். தண்டவாள நீளத்தில் ஏறாது.

காஞ்சி நெசவாளி எங்கே பயணம் போகிறார், சூரத் ஜரிகையும் கர்நாடகப் பட்டும் சங்கம் வழியாகவோ முதலாளி வழியாகவோ வீட்டுக்கே வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். தறிக்குழியில் இருப்பவருக்கு அது பொருந்தும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் அவர் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. கம்பெனிப் பேருந்து ஏறுபவருக்குக் கவலையில்லை. வேலை தேடிப் போகிறவருக்கு அந்தப் பக்கம் ரயில் கிடையாது. பெங்களூர் நெடுஞ்சாலையின் வேகமோ பெரும்பாலும் ஊரைத் தாண்டிப் போகிறவர்களுடையது. இன்னொன்று, நெசவுத் தெரு வெறும் வழி அல்ல. காலையில் அங்கே பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிகிறார்கள். போக்குவரத்து வேகத்தை மட்டும் பார்க்கும் அளவுகோலுக்கு அந்தப் பாவு ஒரு தடங்கல்.

2022இல் சென்னைப் பெருநகர எல்லை காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளையும் சேர்த்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. காஞ்சியை அடுத்த பரந்தூர் விமான நிலையமும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. வட்டாரம் முழுவதற்கும் இணைப்பு கூடும் என்ற வாதம் பொய்யல்ல, ஆனால் அது சராசரி. நிலம் இழக்கும் ஏகனாபுரத்துக்கும், தறி ஓடும் பிள்ளையார்பாளையத்துக்கும், விமானம் ஏறும் சென்னைக்காரருக்கும் ஹேன்சனின் கணக்கைத் தனித்தனியே போட்டு, மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும்.