திணை கடந்த வையை

மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் "நிலா முகிலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டாள்" என்று எழுதுகிறார். அதனைத் திணை வழு என ஆசிரியர் திருத்த வேண்டுமா? நிலா அஃறிணை, "ஒளிந்துகொண்டது" என்பதே பொது விதி. உயிரற்றவற்றுக்கு மனிதப் பண்பேற்றிப் பேசுதல் பல மொழிகளிலும் உண்டு. தமிழிலோ அது வினைமுற்றின் விகுதிவரை சென்று இலக்கணத்தையே தொட்டுவிடுகிறது.

தொல்காப்பியத்தில் தற்குறிப்பேற்றம் என்றோர் அணி இல்லை. ஆயினும் ஞாயிறு, திங்கள், கடல், மரம், நெஞ்சு முதலியன பேசுவனவாகவும் கேட்பனவாகவும் பாடப்படுதற்குச் செய்யுளியல் இடம் தருகிறது.

இவ்வுரிமையை இளங்கோவடிகள் எத்துணை நுட்பமாகக் கையாண்டார் என்பதைச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை காட்டும். கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்தவள்போல், வையை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். அதே காதையின் இறுதியில் மதுரையின் மதிற்கொடிகள், வரவேண்டா என்று கைகாட்டித் தடுப்பனபோல் அசைகின்றன. இரண்டையும் மாணவர்கள் ஒரே அணிக்கு எடுத்துக்காட்டாக மனனம் செய்கின்றனர். விகுதிகளை நோக்குவார் சிலரே! கொடிகளுக்கு அஃறிணைச் சொல்லே வருகிறது. வையைக்கோ பெண்பால் விகுதி. கொடி எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது, ஆறு அழுகிறது. துயரத்தில் பங்குகொண்டதற்கே அவர் உயர்திணை வழங்கினார் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றத்துக்கு இலக்கணம் வகுத்தது. இயல்பாக நிகழும் ஒன்றின்மீது புலவன் தன் கருத்தை ஏற்றுவதே அவ்வணி. நெஞ்சை விளித்துப் பேசுவது இதனுள் அடங்காது. பள்ளிப் பயிற்சிகளோ யாவற்றையும் ஒரே கூடையில் இட்டுவிடுகின்றன. நம் மாணவரின் வாக்கியத்துக்கு விடை நன்னூலில் உள்ளது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணை மயங்குவதைப் பவணந்தியார் ஏற்றுக்கொள்கிறார். நிலாவை உவந்து எழுதியவர்க்குச் சிவப்பு மை வேண்டியதில்லை. அடுத்த வரியிலேயே அந்நிலா "மறைந்தது" என மாறினால் அதனைச் சுட்டலாம்.

1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் பெ. சுந்தரம் பிள்ளை நிலத்தையும் தமிழையும் பெண்ணாகக் கண்டு பாடினார். அவ்வாழ்த்தின் சில அடிகளை நீக்கித் தமிழ்நாடு அரசு 1970இல் ஏற்றுக்கொண்டது. மலேசியத் தமிழ் மேடைகளில் ஒலிக்கும் செ. சீனி நைனா முகம்மதுவின் வாழ்த்தும் தமிழைத் தாயாகவே விளிக்கிறது. அவர் தொல்காப்பியத்தில் தோய்ந்த அறிஞர். மொழி என்பது அஃறிணை என்பதை அறியாதவரல்லர்.