குருத்தணு: வேலூர் கதையும் பெரியப்பாவின் கேள்வியும்



மலருக்குக் கட்டுரை கேட்டதும், இஞ்சினியர் ஆயிற்றே, இயந்திரம் பற்றி எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் பொங்கலுக்குக் கோடியக்கரை போனபோது பெரியப்பா கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

"ஏம்ப்பா, ஸ்டெம் செல் ஊசி போட்டா அண்ணன் எந்திரிச்சு நடப்பானாமே? மனையை வித்துடலாமா?"

கஜா புயலில் (2018) பிரிந்த கூரையைச் சரிசெய்யும்போது விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டவர் அண்ணன். முதல் ஊசிக்கே நகை போய்விட்டது. பலன் இல்லை. நான் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்று பெயர். எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களிலிருந்தே ரத்த அணுக்கள் உண்டாகின்றன. 1957இல் அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் ஆறு பேருக்கு மஜ்ஜை ஏற்றியதை வெளியிட்டார். ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. அவர் விடவில்லை, 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் நம் வேலூர் சி.எம்.சி.யிலும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. வேலூரில் இதற்கு அடித்தளமிட்டவர் டாக்டர் மாமன் சாண்டி.

அதே வேலூரில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு இல்லை என்று 2024 டிசம்பரில் செய்தி வந்தது. எத்தனை பெரிய சாதனை!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தக் குருத்தணு தானாகவே மஜ்ஜைக்குப் போய்த் தன் வேலையைப் பார்க்கும். முதுகுத்தண்டோ அறுந்த கேபிள் மாதிரி. ஒவ்வொரு இழையும் அதனதன் இடத்தில் சேர வேண்டும். அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறையும் அதையே சொல்கிறது. ஆராய்ச்சியில் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது.

"இன்னிக்கு இல்ல பெரியப்பா. மனை இருக்கட்டும்" என்றேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சரி, அவனுக்கு நல்ல சக்கர நாற்காலியா பாரு" என்றார்.

தம்பி, தங்கைகளே! 18 வயதானவர்கள் சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகத்தில் குருத்தணுக் கொடையாளராகப் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான். நிரூபணமான சிகிச்சைக்கு நம்மால் ஆன உதவி அது.