மூன்று முறை படிக்கப்பட்ட வைரஸ்

டிஎன்ஏ சீக்வென்சிங்கின் வரலாற்றை ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸை வைத்தே சொல்லிவிடலாம். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் இதை ஃபிரெட் சாங்கர் குழு 1977 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் படித்தபோது, சுமார் 5,375 எழுத்துகள் என்று கணக்கு வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவரே இன்னொரு முறையை வெளியிட்டார். பிரதியாகும் இழையைக் குறிப்பிட்ட எழுத்தில் நிறுத்திவிடும் முறை அது. சோதித்துப் பார்த்ததும் இதே வைரஸில்தான். 1978இல் கணக்கு 5,386 என்று திருந்தியது.

நான் லேபில் சேர்ந்தபோதும் அந்த முறைதான். ஏ, டி, ஜி, சி என நான்கு குழாய்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஜெல். ஓடி முடிந்ததும் எக்ஸ்ரே ஃபிலிம். கீழிருந்து மேலாக ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதுவார். ஜியும் சியும் நெருக்கமாக வரும் இடங்களில் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அங்கே குரல் தயங்கும். பின்னர் கதிரியக்கத்துக்குப் பதிலாக நான்கு நிறச் சாயங்கள் வந்தன. மனித ஜீனோம் திட்டம் அவற்றைக் கொண்டுதான் 2003இல் நிறைவடைந்தது.

சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் கேம்பிரிட்ஜில் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். சாங்கரின் நிறுத்தத்தை நீக்கக்கூடியதாக்கினார்கள். ஓர் எழுத்து சேரும், படம் எடுக்கப்படும், தடை நீங்கும், அடுத்த எழுத்து சேரும். கண்ணாடிப் பரப்பில் கோடிக்கணக்கான துண்டுகளில் ஒரே நேரத்தில் இது நடக்கிறது. அவர்களின் சொலெக்சா நிறுவனம் 2005இல் முதலில் படித்து முடித்த ஜீனோமும் ஃபை எக்ஸ் 174தான். அந்த நிறுவனத்தை வாங்கிய இல்லுமினாவின் கருவிகளில் அது இன்றும் தரச் சோதனைக்குச் சேர்க்கப்படுகிறது.

ஆனால் துண்டுகள் சிறியவை, பெரும்பாலும் 150 எழுத்துகள். ஃப்ரஜைல் எக்ஸ் நோயில் ஒரே மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் திரும்ப வரும். 150 எழுத்துத் துண்டு அதைத் தாண்டாது. பக்பயோ, நானோபோர் என்ற கருவிகள் நீண்ட இழைகளைப் படிப்பதால்தான், மனித ஜீனோமில் 2003இல் விடுபட்ட சுமார் 8 சதவீதம் 2022இல் நிரம்பியது. உள்ளங்கையில் அடங்கும் நானோபோர் கருவியை 2015இல் கினியாவுக்கே கொண்டுபோய் எபோலாவைப் படித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும், ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒற்றை எழுத்து மாற்றம் குழந்தைக்கும் இருக்கிறதா என்று கேட்டு வருபவர்களுக்கு நான் சாங்கர் முறையைத்தான் சொல்வேன். புற்றுக்கட்டியில் சிறுபான்மையாக ஒளிந்திருக்கும் மாற்றத்தைத் தேட இல்லுமினா. நீண்ட தொடர்களுக்கு நானோபோர் அல்லது பக்பயோ. கேள்வியைத் தெளிவாக எழுதிக்கொண்டு வாருங்கள். அதன்பின் கருவியைத் தேர்ந்தெடுப்பது எளிது.