ஸ்டைன்ஸ் கேட் (அனிமே தொடர்)

ஸ்டைன்ஸ் கேட் என்பது காலப்பயணத்தைக் கருவாகக் கொண்ட சப்பானிய அனிமே தொடர் ஆகும். 5பிபி, நைட்ரோபிளஸ் ஆகிய நிறுவனங்கள் 2009 இல் வெளியிட்ட நிகழ்பட ஆட்டத்தைத் தழுவி, ஒயிட் ஃபாக்ஸ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. இதன் 24 அத்தியாயங்கள் 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒளிபரப்பாயின. கதையில் கைவிடப்படும் மாற்றுக் காலக்கோடுகளே இதன் முடிவுக்கு ஆழம் சேர்க்கின்றன.

கதைக்களம்

டோக்கியோவின் அகிஹபரா பகுதியில் ஒக்காபே ரிந்தாரோவும் அவனுடைய நண்பர்களும், நுண்ணலை அடுப்பின் உதவியால் இறந்தகாலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் தற்செயலாகக் கண்டறிகின்றனர். அச்செய்தி இறந்தகாலத்தை மாற்றும்போது உலகம் வேறொரு காலக்கோட்டுக்கு நகர்கிறது. பழைய கோட்டின் நினைவு ஒக்காபே ஒருவனுக்கே முழுமையாக எஞ்சுகிறது.

காலக்கோடுகள்

ஆல்பா எனப்படும் தொகுதியில் தோழி மயூரி, எவ்வளவு முயன்றும் காப்பாற்ற இயலாதவாறு இறக்கிறாள். பீட்டா எனப்படும் தொகுதியில் இளம் அறிவியலாளர் மகிசே குரிசு 2010 சூலை 28 அன்று இறக்கிறாள். பின்னர் மூன்றாம் உலகப் போரும் மூள்கிறது. மயூரியைக் காக்க, அனுப்பிய செய்திகளின் விளைவுகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அவ்வாறு நீக்கும்போது நண்பர்களின் நிறைவேறிய விருப்பங்களும் அழிகின்றன. உயிர்பெற்றிருந்த ஃபேரிசின் தந்தை மீண்டும் இறந்தவராகிறார். இறுதியில் ஒக்காபே, தான் விரும்பும் குரிசுவையே இழக்க நேர்கிறது.

முடிவு

குரிசுவைக் காக்கக் கடந்தகாலத்துக்குச் செல்லும் ஒக்காபே, தவறுதலாகத் தானே அவளைக் குத்திவிடுகிறான். அப்போது 2025 ஆம் ஆண்டின் ஒக்காபேயிடமிருந்து நிகழ்படச் செய்தி கிடைக்கிறது. கண்டதை மாற்றாமல் விளைவை மட்டும் மாற்றுமாறு அது கூறுகிறது. அன்று அவன் கண்டது இரத்தத்தில் கிடந்த குரிசுவை மட்டுமே. அவள் இறந்ததை அன்று. எனவே அவளை மயக்கமுறச் செய்து, தன் இரத்தத்தையே சிந்திப் பழைய தன்னை ஏமாற்றுகிறான்.

இவ்வெற்றி, தோல்வியுற்ற ஒரு காலக்கோட்டின் கொடையாகும். அக்கோட்டின் கதையை 2018 இல் வெளியான ஸ்டைன்ஸ் கேட் 0 கூறுகிறது. கடைசிக் காட்சியில் ஒக்காபேயும் குரிசுவும் தெருவில் சந்திக்கின்றனர். அழிந்த கோடுகளின் நினைவு அவளிடமும் மங்கலாக எஞ்சியிருப்பது அங்கு குறிப்பால் உணர்த்தப்படுகிறது.

தமிழ்த் திரைப்படங்களில்

ஜீவா இயக்கிய 12பி (2001), நாயகன் பேருந்தைப் பிடிப்பதாலும் தவறவிடுவதாலும் விளையும் இரு வாழ்க்கைகளை இணையாகக் காட்டியது. வெங்கட் பிரபுவின் மாநாடு (2021) படத்தில் ஒரே நாள் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. முந்தைய சுற்றுகளை நாயகன் நினைவில் கொள்கிறான். பின்னர் எதிர்நாயகனுக்கும் அந்நினைவு கிட்டுகிறது. ஆயினும் அங்கு நினைவு போட்டிக்குரிய கருவியாகிறது. ஸ்டைன்ஸ் கேட் தொடரிலோ அது ஒருவன் தனித்துச் சுமக்கும் துயரமாகிறது.