பரிசின் பெயரில் ஒரு தண்டம்: இந்திய மோட்டார் காப்பீட்டில் ‘நோ கிளெய்ம் போனஸ்’

பம்பர் உடைந்த காரோடு வொர்க்‌ஷாப்புக்குப் போனால் அங்கே முதலில் வரும் கேள்வி, “சார், கிளெய்ம் போடறீங்களா, கேஷா?” என்பதுதான். பல நேரம் பதிலும் அங்கிருந்தே வந்துவிடும்: “சின்ன வேலை சார், கையிலேயே கொடுத்து முடிச்சிருங்க, என்சிபி போயிடும்.” இந்த அறிவுரை பெரும்பாலும் சரியானது. பணம் கட்டி வாங்கிய காப்பீட்டைத் தேவை வரும்போது தொடாமலிருப்பதே லாபம் என்ற நிலை எப்படி வந்தது? அதற்குக் காரணம் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி) விதியின் அமைப்பே என்பதும், அவ்விதி நெடுங்காலம் விபத்தின்றி ஓட்டியவர் மீதே மிகப் பெரிய சுமையை ஏற்றுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கார் காப்பீட்டுப் பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு ஒன்று. அதன் கட்டணத்தை எஞ்சின் அளவைப் பொறுத்து அரசே அறிவிக்கிறது; போனஸுக்கு அங்கே இடமில்லை. நம் காருக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் ‘ஓன் டேமேஜ்’ பகுதி மற்றொன்று. போனஸ் இதற்கு மட்டுமே. கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் 20%, பிறகு 25, 35, 45, 50 என்று தள்ளுபடி ஏறும். 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதிகளில் உள்ள படிக்கட்டு இது. 2007 முதல் ஓன் டேமேஜ் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றான பிறகும் படிக்கட்டு அப்படியே நிற்கிறது. ஏறுவது ஒவ்வொரு படியாக; ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் இறங்குவது ஒரேயடியாகத் தரைக்கு.

இந்த இறக்கத்தின் விலையைக் கணக்கிட்டால்தான் விஷயம் புரியும். 50% தள்ளுபடியில் இருப்பவர் கிளெய்ம் போட்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் பெறுவது 0, 20, 25, 35, 45. போடாமலிருந்தால் ஐந்து ஆண்டும் 50. இழப்பு முறையே 50, 30, 25, 15, 5, மொத்தம் 125%. தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 16,000 ரூபாய் என்று கொண்டால், ஒரு கிளெய்மின் பின்விளைவு 20,000 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைய, பிரீமியமும் குறையும். அதனால் மெய்யான தொகை சற்றுக் குறையலாம். 18% ஜிஎஸ்டி அதை ஓரளவு ஈடுகட்டிவிடும்.

இதே கணக்கை மற்றப் படிகளுக்கும் போட்டுப் பார்த்தேன். காப்பீடு எடுத்த முதல் ஆண்டிலேயே கிளெய்ம் போடுபவரின் மொத்த இழப்பு 50%தான். 20% படியில் இருப்பவருக்கு 80, 25இல் 105, 35இல் 120, 45இலும் 50இலும் 125. இடர்க் கணிப்பின் அடிப்படைத் தர்க்கத்துக்கு இது நேர்மாறானது. ஒருவரைப் பற்றிய அனுபவம் எவ்வளவு நீளமோ, ஒரு தனி நிகழ்வு அவரைப் பற்றிய மதிப்பீட்டை அவ்வளவு குறைவாகவே அசைக்க வேண்டும். எட்டு ஆண்டு விபத்தின்றி ஓட்டியவரின் ஒரு கீறல், எட்டு மாதம் ஓட்டியவரின் கீறலைவிட மிகக் குறைவான செய்தியையே சொல்கிறது. நம் விதியோ அவரிடம் இரண்டரை மடங்கு வாங்குகிறது.

யார் தவறு என்பதையும் அது கேட்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வீட்டு வாசலில் நிறுத்திய கார்கள் நீரில் மூழ்கின. அவற்றுக்குக் கிளெய்ம் போட்டவரின் ஓட்டும் திறனுக்கும் அடையாற்று வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு? போனஸ் கணக்கில், சிக்னலை மீறி மோதியவரும் இவரும் ஒன்றே. பிரான்சில் சட்டமே வகுத்த முறை வேறு. அங்கே பிரீமியத்தைப் பெருக்கும் குணகம் 1இல் தொடங்கி, விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டும் 0.95ஆல் பெருக்கப்பட்டு 0.50 வரை இறங்கும். தன் தவறால் விபத்து நேர்ந்தால் 1.25ஆல் பெருகும்; பாதித் தவறு என்றால் 1.125, தவறே இல்லையெனில் மாற்றமில்லை. 0.50இல் இருப்பவர் ஒரு விபத்துக்குப் பின் 0.62க்குத்தான் போவார். மூன்றாண்டு அந்தக் குறைந்தபட்சத்திலேயே இருந்தவருக்கு முதல் விபத்து மன்னிக்கப்படும்.

நம் முறைக்கு ஆதரவான வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஒவ்வொரு சிறு கீறலுக்கும் சர்வேயரை அனுப்பினால் செலவு கூடி எல்லோருடைய பிரீமியமும் ஏறும். ஆனால் சிறு கிளெய்ம்களை வடிகட்டும் வேலையை வேறு விதிகள் ஏற்கெனவே செய்கின்றன. 14,000 ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பம்பர் 8,000, பெயின்டிங் 4,000, கூலி 2,000. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் கிடைக்கும். பெயின்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதி கழியும். 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 8,500. இதற்காக 20,000 இழக்க யார் துணிவார்?

பாலிசிதாரருக்கு உள்ள மற்ற வழிகள் குறுகியவை. கூடுதல் கட்டணத்தில் போனஸ் பாதுகாப்பு வாங்கலாம். அதை விபத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். நிறுவனம் மாறித் தப்பிக்கவும் முடியாது. போனஸ் காரோடு அல்ல, ஆளோடு போவது. கிளெய்ம் வரலாறும் கூடவே வரும். அதை மறைத்து அறிவித்தால் பின்னர் பெரிய விபத்தில் கோரிக்கையே நிராகரிக்கப்படும் ஆபத்து உண்டு. இது விளங்காமல் ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் கையெழுத்திடுவோரை நினைத்தால் கவலையாக இருக்கிறது. பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்தால் கிளெய்மே இல்லாமலும் போனஸ் போய்விடும்.

திருத்தம் கடினமானதல்ல. தரைக்குத் தள்ளாமல் இரண்டு படி இறக்கினால் போதும். 50இல் இருப்பவர் 35க்கு வந்து, 45 வழியாக மூன்றாம் ஆண்டு மீண்டும் 50ஐ அடைவார். மொத்த இழப்பு 125க்குப் பதில் 20%. மேலே சொன்ன காருக்கு 3,200 ரூபாய். அப்போது அந்த 8,500 ரூபாயை அவர் கேட்டுப் பெறலாம்.