காற்றுக் கொந்தளிப்பும் விமானத்தின் வேகமும்

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் வாழ, பெற்றோர் ஊரில் தங்கியிருக்கும் வீடுகள் எங்கள் காரைக்கால் வட்டாரத்தில் பல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிள்ளை விமானம் ஏறுகிறான் என்றால் தாய்மார்களுக்கு உறக்கம் கொள்ளாது. அத்தகைய தாயார் ஒருவர் சுரக்குடியில் என்னைக் கண்டு, “வாத்தியாரய்யா, மேகத்திலே விமானம் குலுங்கினால் ஓட்டுகிறவர் என்னதான் செய்வார்?” என்று கேட்டார். “மேடுபள்ளமான பாதையில் வண்டிக்காரர் மாட்டை அடக்கி ஓட்டுவதில்லையா? அதைப் போலத்தான்” என்றேன். அவ்விடை பாதிதான் சரி. மற்றப் பாதியை உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானம் காமெட். 1952 மே 2 அன்று இலண்டனிலிருந்து அது தன் சேவையைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று மாலை, கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து டெல்லி நோக்கி ஒரு காமெட் எழுந்தது. வங்காளத்தில் அது கோடை இடிப்புயலின் பருவம். எழுந்த சில நிமிடங்களில் விமானம் புயலுள் சிதைந்து வீழ்ந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். காற்றின் கடும் அடியினாலோ, புயலுள் விமானி சுக்கானை மிகையாக இயக்கியதாலோ, கட்டுப்பாட்டை இழந்ததாலோ விமானம் தாங்கும் அளவை மீறிப் பாரம் ஏறியது என்பது இந்திய விசாரணையின் முடிவு. காமெட்டின் சுக்கான்களை இயந்திர விசையே அசைத்தது. ஏறும் பாரம் விமானியின் கைக்குத் தெரியவில்லை. ஆகவே அதனை உணர்த்தும் செயற்கை அமைப்பும், புயல் மேகங்களைக் காட்டும் ரேடாரும் பின்னர் வந்தன.

வேகத்தைக் குறைத்துவிட்டால் போதாதா என்பீர்கள். காற்றலை ஒன்று தாக்கும்போது, வேகம் மிகுந்தால் இறக்கை மீது விழும் அடியும் மிகும் என்பது உண்மையே. ஆனால் வண்டியை நிறுத்தலாம். விமானத்தை நிறுத்த இயலாது. வேகம் மிகக் குறைந்தால், ஒரு காற்றலையே இறக்கையின் தூக்குவிசையைப் பறித்துவிடும். உந்துவிசையை அடியோடு குறைத்துவிட்டால், ஜெட் எஞ்சின் மீண்டும் முழுவிசை பெறச் சில வினாடிகள் ஆகும். எனவே மிகையுமின்றிக் குறையுமின்றி ஒரு வேகம் வேண்டும். போயிங் 737 வகையில் அது வேகமானிக் கணக்கில் ஏறத்தாழ 280 நாட், அஃதாவது மணிக்கு 519 கிலோமீட்டர். மிக உயரத்தில் பறக்கும்போது இதற்கு வேறு வரம்பு உண்டு.

வேகத்தை அறிந்த பின்னும் ஒரு பாடம் எஞ்சியிருந்தது. 1963 பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் மியாமியிலிருந்து புறப்பட்ட நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 720 ஒன்று இடிமேகங்களிடையே சிக்கியது. செங்குத்தான காற்றோட்டம் அதனைத் தூக்கியது. பின்னர் அது பாய்ந்து இறங்கி வானிலேயே சிதறியது. இங்கும் மாண்டவர் 43 பேர். செங்குத்தான கடுங்காற்றோட்டமும் சுக்கானின் பெரிய அசைவுகளும் ஒன்றுக்கொன்று தீங்காக இணைந்தமையே காரணம் என்றது விசாரணை.

கொந்தளிப்பில் வேகமானியின் முள் இங்குமங்கும் துள்ளும். அம்முள்ளைத் துரத்தி மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும், உந்துவிசையைக் கூட்டுவதும் குறைப்பதுமே பேராபத்து. ஆகவே இன்றைய விமானி, புயலைச் சுற்றிச் செல்லவே முயல்வார். இயலாதபோது, முன்னரே வேகத்தை அமைத்து, அதற்குரிய உந்துவிசையை வைத்து, பெருத்த மாறுதல் நேர்ந்தாலன்றி அதைத் தொடார். செயற்கைத் தொடுவானத்தைப் பார்த்து இறக்கைகளையும் மூக்கையும் நிலையாகப் பிடிப்பார். உயரம் சற்றே கூடினும் குறையினும் பொறுத்துக்கொள்வார்.

2024 மே 21 அன்று இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானமொன்று மியான்மர் வானில் கடுமையாகக் குலுங்கியது. பிரயாணி ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். ஆயினும் விமானம் பாங்காக்கில் நலமாக இறங்கியது. விமானம் தாங்கும்; கச்சை அணியாத உடல் தாங்காது.

அத்தாயாரிடம் மறுநாள் சென்று என் விடையைத் திருத்திச் சொன்னேன்: “அம்மா, ஓட்டுகிறவர் அப்போது அவசரப்பட்டு எதையும் செய்யாதிருக்கக் கற்றிருக்கிறார். உங்கள் மகனை மட்டும், அமர்ந்திருக்கும்போதெல்லாம் கச்சையை அணிந்திருக்கச் சொல்லுங்கள்.”